விளையாட மாட்டேன்னு நின்னவங்க

கேள்வி இதுதான்: விளையாட்டு வீரர்களால நிறவெறி மாதிரி ஒரு அநியாயத்த நிஜமாவே அசைக்க முடிஞ்சிருக்கா, இல்ல ஜெயிச்சவங்களப் பத்தி நாம பின்னாடி சேர்த்துக்கிற பெருமையா? கூடவே, விளையாட்டுல அரசியலக் கலக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க.

அசைக்க முடிஞ்சிருக்கு. ஆனா நாம வழக்கமா நினைக்கிற மாதிரி இல்ல. இந்தப் பேச்சு வந்தாலே 1936 பெர்லின்ல 4 தங்கம் வாங்கின ஜெஸ்ஸி ஓவன்ஸ், 1947ல அமெரிக்க பேஸ்பால் லீக்ல காலடி வச்ச ஜாக்கி ராபின்சன்னு ஆரம்பிச்சிடுவோம். ரெண்டு பேரும் பெரிய மனுஷங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு நாடு முழுக்க யார் எங்க வீடு கட்டலாம், எந்த பெஞ்ச்ல உக்காரலாம், யாரோட சேர்ந்து பந்து ஆடலாம்னு தோல் நிறத்த வச்சு அரசாங்கமே முடிவு பண்ணி, அத எதிர்த்து விளையாட்டுக்காரங்க 30 வருஷத்துக்கு மேல நின்னதுன்னா அது தென்னாப்பிரிக்காதான், அதனால அதையே எடுத்துக்கறேன். அங்க நடந்தத படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு தெளிவாச்சு: ஜெயிச்சவங்க கண்ணத் திறந்தாங்க, ஆனா அரசாங்கத்துக்கு வலிக்கிற மாதிரி செஞ்சது விளையாட மாட்டேன்னு சொன்னவங்க. அதுலயும் ஜாஸ்தி இழந்தவங்க பேரு பாதிக்கு மேல நமக்குத் தெரியாது.

முதல்ல அங்க விளையாட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடறேன். 1948ல நேஷனல் பார்ட்டி ஆட்சிக்கு வந்துச்சு. குடியிருப்புப் பகுதிகளப் பிரிக்கிற சட்டம் 1950ல, பொது இடங்களப் பிரிக்கிற சட்டம் 1953ல. வெள்ளைக்காரரும் கருப்பரும் சேர்ந்து ஆடக்கூடாதுன்னு விளையாட்டுக்குன்னு தனியா ஒரு சட்டம் போட வேண்டிய அவசியமே அவங்களுக்கு வரல, ஏன்னா ஒரே கிரவுண்டுக்குள்ள ஒண்ணா நுழையவும் முடியாது, ஆடி முடிச்சிட்டு ஒண்ணா உக்காந்து டீ குடிக்கவும் முடியாது. 1956ல உள்துறை அமைச்சர் டோங்கஸ் இத கொள்கையாவே அறிவிச்சார்: வெள்ளையர் தனியா, மத்தவங்க தனியா சங்கம் வச்சு ஆடணும், நாட்டுக்குள்ள கலந்து ஆடக்கூடாது, கலப்பு அணி வெளிநாட்டுக்கும் போகக்கூடாது. நாட்டோட பேர்ல வெளிய போறது வெள்ளை அணி மட்டும்தான். கேப்டவுன் நியூலாண்ட்ஸ் மைதானத்துல வெள்ளையர் அல்லாதவங்களுக்குன்னு வேலி போட்டு ஒரு ஓரம் ஒதுக்கியிருந்தாங்க, 'கூண்டு'ன்னுதான் அதுக்குப் பேரே. அங்க உக்காந்திருந்த ஜனங்க எந்த நாட்டு அணி வந்தாலும் வந்த அணிக்குத்தான் கை தட்டுவாங்க, சொந்த நாட்டு அணி தோக்கணும்னு வேண்டிக்குவாங்க.

இதுக்குள்ள இருந்து ஒருத்தர் ஜெயிச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க பாப்வா சீகோலம் கதை போதும். டர்பன்காரர், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாப் போன இந்தியர் வம்சம், சின்ன வயசுல இருந்து வெள்ளைக்காரங்களோட கோல்ஃப் பையத் தூக்கிட்டு நடந்த பையன். யாரும் சொல்லித் தரல, தானா கத்துக்கிட்டார், அதனால வலது கைக்காரங்க எல்லாரும் மட்டையப் பிடிக்கிறதுக்கு நேர் தலைகீழா கை மாத்திப் பிடிப்பார். அந்தப் பிடியோடவே ஐரோப்பா போயி டச்சு ஓப்பன 1959, 1960, 1964னு 3 தடவ ஜெயிச்சார். 1963ல டர்பன் கன்ட்ரி கிளப்ல நடந்த நேட்டால் ஓப்பன்ல வெள்ளை வீரர்கள் எல்லாரையும் முந்தி முதலிடம். பரிசளிப்பு நேரத்துல மழை. கிளப்ஹவுசுக்குள்ள வெள்ளையர் அல்லாதவங்க நுழையக்கூடாதுங்கறதால, தோத்தவங்க எல்லாம் உள்ள உக்காந்திருக்க, ஜெயிச்ச மனுஷன் வெளிய மழைல நனைஞ்சுகிட்டு கோப்பைய வாங்கினார். அந்த ஃபோட்டோ உலகம் பூரா போச்சு. 1965ல அதே பட்டத்த, வெள்ளை கோல்ஃப் நட்சத்திரம் கேரி பிளேயரும் ஆடின போட்டில, மறுபடி ஜெயிச்சார், அதோட அரசாங்கம் வெள்ளையர் மைதானப் போட்டிகள்ல ஆடவே அவருக்குத் தடை போட்டுருச்சு, பாஸ்போர்ட்டும் போச்சு. 1978ல வறுமையில இறந்தார். ஜெயிச்சுக் காட்டினா மனசு மாறிடுவாங்கன்னு சொல்றவங்க இந்த ஒரு வாழ்க்கையப் பாத்தாப் போதும், இவர் ஜெயிச்சதுக்கு அவங்க பண்ணது இவர வெளிய தள்ளினதுதான்.

எதிர்ப்பு முதல்ல ஜெயிச்சது யாரும் எதிர்பாக்காத டேபிள் டென்னிஸ்ல. 1956லயே சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் வெள்ளையர் சங்கத்த நீக்கிட்டு, எல்லா நிறத்துக்காரங்களையும் சேத்துக்கிட்ட சங்கத்த அங்கீகரிச்சுது, 1957ல அந்த அணி ஸ்டாக்ஹோம்ல உலகப் போட்டில ஆடுச்சு. அடுத்த தடவ போறதுக்கு அரசாங்கம் பாஸ்போர்ட்டே கொடுக்கல. அப்ப போர்ட் எலிசபெத்துல டென்னிஸ் புரூட்டஸ்னு ஒரு ஸ்கூல் வாத்தியார், கவிஞரும்கூட, இதே வழிய ஒலிம்பிக்குக்குக் கொண்டு போலாம்னு கிளம்பினார். 1960கள் தொடக்கத்துல அவரும் நண்பர்களும் சேர்ந்து சான்ராக்னு, நிறப் பாகுபாடு இல்லாத ஒலிம்பிக் கமிட்டி அமைப்ப உருவாக்கினாங்க. அவர் ஒண்ணும் உலக சாம்பியன் கிடையாது, லெட்டர் எழுதி, கூட்டம் போட்டு, பசங்களுக்கு நியாயம் கேட்ட வாத்தியார். 1963ல கைதாகி, தப்பிச்சு மொசாம்பிக் வழியா போகப் பாத்து, போர்ச்சுகீசியப் போலீஸ்ல மாட்டி, ஜோகன்னஸ்பர்க்ல திரும்ப ஓடப் பாத்தப்போ முதுகுல சுட்டாங்க. பொழச்சார். ராபன் தீவுக்கு அனுப்பி கல் உடைக்க வச்சாங்க. தென்னாப்பிரிக்காவுக்கு 1964 டோக்கியோ ஒலிம்பிக் அழைப்பு ரத்தான செய்தி வந்தப்போ அதுக்காகப் பாடுபட்ட மனுஷன் ஜெயில்ல இருந்தார். 1968 மெக்சிகோவுக்குத் திரும்ப சேத்துக்கலாம்னு ஒலிம்பிக் கமிட்டி முடிவெடுத்துது, அப்படின்னா நாங்க வரலன்னு ஆப்பிரிக்க நாடுகள் ஒண்ணா நின்னதும் பின்வாங்கிச்சு. 1970ல ஒலிம்பிக் இயக்கத்த விட்டே தென்னாப்பிரிக்காவ வெளியேத்தினாங்க.

கிரிக்கெட்டுக்கு வருவோம், அங்கதான் விஷயம் வெள்ளைக்காரங்க வீட்டு வாசப்படிக்கே வந்துச்சு. பேசில் டி'ஒலிவெரா கேப்டவுன்ல சிக்னல் ஹில் பக்கம் பிறந்தவர், அந்த நாட்டுக் கணக்குல 'கலர்ட்', அதாவது கலப்பினத்தவர். புல்லு இல்லாத கரடு முரடான தரைல பாய் விரிச்சு ஆடி, அந்த ஊர் லீக்ல செஞ்சுரியா அடிச்சுத் தள்ளினவர். ஆனா சொந்த நாட்டுல டெஸ்ட் ஆட வழியே இல்ல. இங்கிலாந்துல ரேடியோ வர்ணனையாளர் ஜான் ஆர்லாட்டுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டார், எனக்கு ஒரு வாய்ப்பு வாங்கித் தாங்கன்னு. ஆர்லாட் அத குப்பைல போடல, 1960ல மிடில்டன் கிளப்புல ஒரு சீசனுக்கு 450 பவுண்டுக்கு ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தார். போக டிக்கெட் காசு கிடையாது, ஊர் ஜனங்க மேட்ச் நடத்தி, வசூல் பண்ணி அனுப்பி வச்சாங்க. இங்கிலாந்துல இறங்கினதும் 'கலர்ட் ஆளுங்க போற வழி எது'ன்னு தேடினாராம், ஹோட்டல்ல வெள்ளைக்காரங்க வந்து தனக்குப் பரிமாறினத நம்பவே முடியலயாம். முதல் சில வாரம் குளிரும் ஈரப் பிட்ச்சும் படுத்தி எடுத்துருச்சு, ஆனா சீசன் முடியும்போது அந்த லீக்ல பேட்டிங் சராசரில மேற்கிந்தியத் தீவு ஜாம்பவான் சோபர்ஸுக்கும் மேல இருந்தார். 1966ல இங்கிலாந்துக்கே டெஸ்ட் ஆட ஆரம்பிச்சிட்டார்.

அப்புறம்தான் சிக்கல். 1968-69ல இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா போகணும். இவர எடுத்தா பிரதமர் வோர்ஸ்டர் டூரையே ரத்து பண்ணிடுவார்னு கிரிக்கெட் பெரிய மனுஷங்களுக்குத் தெரியும். நேரடியா எடுக்காதீங்கன்னு சொல்லாம வேற வழியெல்லாம் பாத்தாங்க. ஒரு சிகரெட் கம்பெனியோட தொடர்புள்ள ஆள் மூலமா, தென்னாப்பிரிக்காவுல கோச் வேலை, வருஷத்துக்கு 4000 பவுண்டு, ஆனா டூருக்கு நான் வரலன்னு முன்னாடியே சொல்லிடணும்னு பேரம் வந்துச்சு. அப்ப ஒரு கிரிக்கெட் வீரருக்கு அது எவ்வளவு பெரிய காசுன்னு யோசிச்சுப் பாருங்க, குடும்பஸ்தன், வயசும் ஏறிட்டிருக்கு. அவர் ஒத்துக்கல. ஆகஸ்ட்ல ஓவல்ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கடைசி டெஸ்ட்ல முதல்ல அணியிலயே இல்ல, ப்ரிடோங்கற ஆட்டக்காரருக்கு உடம்பு சரியில்லாம போனதால கடைசி நேரத்துல உள்ள வந்தார், வந்து 158 அடிச்சார். நாட்டோட எல்லா கண்ணும் மேல இருக்கும்போது அடிச்ச 158.

அப்படியும் சில நாள் கழிச்சு அறிவிச்ச டூர் அணியில அவர் பேர் இல்ல. வூஸ்டர்ஷையருக்கு ஒரு சதம் அடிச்சிட்டு வந்து டிரெஸ்ஸிங் ரூம்ல ரேடியோவுல அந்த லிஸ்டக் கேட்டார், அங்கயே உடைஞ்சு அழுதுட்டார். இங்கிலாந்துல பெரிய கொந்தளிப்பு. மூணு வாரம் கூட ஆகல, கார்ட்ரைட்டுங்கற பௌலர் காயம்னு விலகினார், அந்த இடத்துக்கு டி'ஒலிவெராவ எடுத்தாங்க. அடுத்த நாளே புளூம்ஃபன்டெய்ன்ல வோர்ஸ்டர் மேடை ஏறி, இது எம்.சி.சி. (அப்ப இங்கிலாந்து டூர் அணிய அனுப்பின கிரிக்கெட் கிளப்) அணி இல்ல, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தோட அணின்னு பேசினார். செப்டம்பர் 24ம் தேதி டூர் ரத்து.

இதுல டி'ஒலிவெரா பெருசா ஒரு பேச்சும் பேசல. கொடி பிடிக்கல. சில போராட்டக்காரங்க அதுக்காக அவர் மேல கோபப்பட்டதும் உண்டு. ஆனா அவர் பண்ணினது ஒண்ணே ஒண்ணு, ஒதுங்கிப் போன்னு காசு கொடுத்தப்போ ஒதுங்கல. அதனாலயே அதுவரைக்கும் 'எங்க ஊர் வழக்கம் அப்படி'ன்னு மூடி வச்சிருந்த விஷயம் ஒரு ஆளோட முகமா, ஒரு ஸ்கோரா மாறி எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. இங்கிலாந்து முன்னாள் கேப்டன் டேவிட் ஷெப்பர்ட், பாதிரியார், 1960லயே தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா ஆட மாட்டேன்னு விலகினவர், இப்ப எம்.சி.சி. உள்ளயே நிர்வாகத்த எதிர்த்துக் கேள்வி கேட்டார். 1970ல தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்து வர்றதா இருந்துச்சு, பீட்டர் ஹெயின் தலைமைல இளைஞர்கள் பண்ணின போராட்டத்துல லார்ட்ஸ் மைதானத்தச் சுத்தி முள்வேலி போடுற அளவுக்குப் போயி, கடைசில டூரே நின்னு போச்சு. அதுக்கப்புறம் 1991 வரைக்கும் தென்னாப்பிரிக்காவுக்கு அதிகாரப்பூர்வ சர்வதேச கிரிக்கெட்டே கிடையாது.

இதே நேரம் உள்நாட்டு வெள்ளை வீரர்கள் என்ன பண்ணாங்கன்னு கேட்டா, 1971 ஏப்ரல் 3 நியூலாண்ட்ஸ் வெளிநடப்பச் சொல்லுவாங்க. மைக் ப்ராக்டர் ஒரு பந்து போட்டார், உடனே ரெண்டு அணியும் மைதானத்த விட்டு வெளிய நடந்துருச்சு. பேரி ரிச்சர்ட்ஸ், கிரேம் பொல்லாக், பீட்டர் பொல்லாக் எல்லாரும் அதுல உண்டு. தகுதி ஒண்ணுதான் அளவுகோலா இருக்கணும்னு அறிக்கை விட்டாங்க. அந்த ஊர்ல, அந்தக் காலத்துல அதுக்கு ஒரு தைரியம் வேணும், அத நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அதே அறிக்கைல, வெள்ளையர் அல்லாதவங்கள 'அவங்க போதுமான அளவு நல்லா ஆடினா' ஆஸ்திரேலியா கூட்டிட்டுப் போலாம்னு ஒரு வரி இருந்துச்சு. பாய் விரிச்ச தரைல ஆடுறவனும், புல்வெளி, கோச், ஸ்கூல்னு எல்லாம் கிடைச்சவனும் எப்படி ஒரே அளவுகோல்ல நிப்பாங்க? இதத்தான் கேப்டவுன்ல ஹசன் ஹோவா கேட்டார். நிறப் பாகுபாடு இல்லாத கிரிக்கெட் வாரியத்துக்குத் தலைவர் அவர். ரெண்டு பேர டோக்கனா அணியில போட்டுக்கலாம்னு வந்த யோசனைய அவர் ஏத்துக்கல. அசாதாரணமான சமூகத்துல சாதாரணமான விளையாட்டு இருக்க முடியாதுங்கறதுதான் அவர் நிலை, பின்னாடி அதுவே அந்த இயக்கத்தோட முழக்கமாச்சு.

1973ல டர்பன்ல சாகோஸ்னு, நிறப் பாகுபாடு பாக்காத விளையாட்டுச் சங்கங்களோட கூட்டமைப்பு ஒண்ணு உருவாச்சு. அவங்க விதி ரொம்பக் கண்டிப்பு: நிறம் பிரிச்சு ஆடுற எந்த அமைப்போடயும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. சில பேர் இத வீம்புன்னு சொன்னாங்க, எனக்கு அப்படித் தோணல, ஏன்னா அதுக்கு விலை கொடுத்தது அவங்களேதான். வின்சென்ட் பார்ன்ஸ்னு ஒரு வேகப்பந்து வீச்சாளர், ஹோவாவோட வாரியம் நடத்தின மாதிரி போட்டிகள்ல 300க்கும் மேல விக்கெட், சராசரி 12 பக்கம். வெள்ளையர் பக்கம் தாவியிருந்தா நல்ல கிரவுண்டு, காசு, பேர் எல்லாம் கிடைச்சிருக்கும். தாவல. நல்லா ஆடுற வயசெல்லாம் சீரில்லாத பிட்ச்லயே போச்சு, தடை நீங்கினப்போ அவருக்கு வயசாகிப்போச்சு, பிற்பாடு தேசிய அணிக்கு பௌலிங் கோச்சா வந்தார். இன்னொரு பக்கம் ஓமர் ஹென்றி வெள்ளையர் கிரிக்கெட்டுக்குள்ள போனார், சொந்த ஜனங்களே அவர ஒதுக்கினாங்க, தடை நீங்கினதுக்கப்புறம் 1992ல தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடின முதல் வெள்ளையர் அல்லாதவர் அவர்தான். இந்த ரெண்டு பேர்ல யார் சரின்னு தூரத்துல இருந்து தீர்ப்பு சொல்ல எனக்கு மனசு வரல. ரெண்டு பேருக்கும் இப்படி ஒரு தேர்வே வந்திருக்கக்கூடாது.

வெள்ளையர்கள்லயும் எல்லைய தாண்டினவங்க உண்டு. சீக்கி வாட்சன்னு ஒரு ரக்பி வீரர், தேசிய அணி வரைக்கும் போகக்கூடியவர்னு பேர் எடுத்தவர், 1976ல போர்ட் எலிசபெத் கருப்பர் குடியிருப்புல அவங்க அணியோட போயி ஆடினார், சகோதரரும் கூட. குடியிருப்புக்குள்ள வெள்ளைக்காரங்க அனுமதி இல்லாம நுழையறதே குத்தம், கார்ல ஒளிச்சுத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. 1980கள்ல அவங்க வீடு எரிஞ்சு போச்சு, நீங்களே கொளுத்திக்கிட்டீங்கன்னு அவங்க மேலயே கேஸ் போட்டாங்க, கோர்ட் விடுதலை பண்ணுச்சு.

அமெரிக்கக் கருப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் விஷயத்த தனியா சொல்லணும், ஏன்னா 'போயி ஆடி மனசு மாத்தணுமா, போகாம இருக்கணுமா'ங்கற கேள்விய அவர் ரெண்டு பக்கமும் நின்னு பாத்தவர். தென்னாப்பிரிக்கா அவருக்கு விசா மறுத்துச்சு, கடைசில 1973ல விட்டாங்க. பார்வையாளர்கள நிறம் பிரிச்சு உக்கார வைக்கக்கூடாதுன்னு நிபந்தனை போட்டுட்டுத்தான் ஜோகன்னஸ்பர்க் போனார். ஒற்றையர் ஃபைனல்ல கானர்ஸ்கிட்ட தோத்தார், ஓக்கரோட சேர்ந்து இரட்டையர் பட்டம் வாங்கினார். அங்க ஒரு கருப்பினப் பையன் அவர் போற இடமெல்லாம் பின்னாடியே வந்தானாம், ஏன்டா தம்பின்னு கேட்டதுக்கு, நான் பாத்த முதல் சுதந்திரமான கருப்பு மனுஷன் நீங்கதான்னு சொன்னானாம். அத கேட்டா போனது சரின்னுதான் தோணும். ஆனா அங்கயே சில கருப்பினத் தலைவர்கள், நீங்க வந்து ஆடினா அரசாங்கத்துக்குத்தான் நல்ல பேருன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. ஆஷ் யோசிச்சு யோசிச்சு மாறினார். 1983ல பாடகர் ஹாரி பெலஃபான்டேவோட சேர்ந்து தென்னாப்பிரிக்காவப் புறக்கணிக்கச் சொல்லி கலைஞர்களையும் வீரர்களையும் திரட்டினார், 1985ல வாஷிங்டன் தூதரகத்துக்கு முன்னாடி போராடி கைதானார்.

நம்ம ஊருக்கும் இதுல நேரடி சம்பந்தம் இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. 1974 டேவிஸ் கோப்பை. மெட்ராஸ் பசங்க விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் ரெண்டு பேரும் இருந்த இந்திய அணி, கல்கத்தாவுல ஆஸ்திரேலியாவ 3-2னு சாய்ச்சு, அப்புறம் சோவியத் யூனியனையும் ஜெயிச்சு ஃபைனலுக்கு வந்துச்சு. எதிர்ல தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்துச்சு. முடிவெடுத்தது அரசாங்கம், ஆனா இழந்தது ஆடுறவங்க. விஜய்க்கு அப்ப 20 வயசு. இந்தியா அதுவரைக்கும் ஒரே தடவ, 1966ல, ஃபைனல் பாத்திருந்துச்சு, அதுக்கப்புறம் 1987ல ஒரு தடவ, கோப்பை இன்னிக்கு வரைக்கும் கைக்கு வரல. அந்த வருஷம் ஃபைனல்ல ஒரு பந்து கூட ஆடாம தென்னாப்பிரிக்கா சாம்பியன். அந்த வயசுல அது எவ்வளவு வலிச்சிருக்கும்னு சொல்லவே வேணாம், ஆனா ஆடாதது சரிதான்னு விஜய் பின்னாடி பேட்டிகள்ல சொல்லிருக்கார். என்னைக் கேட்டா, ஜெயிச்ச கோப்பைகள விட அந்த வாங்காத கோப்பைக்குத்தான் நாம ஒரு இடம் ஒதுக்கணும்.

இன்னொரு ஆள் சாம் ராமசாமி. டர்பன்ல பிறந்த வாத்தியார், நீச்சல் கோச். 1970கள் தொடக்கத்துல நாட்ட விட்டு லண்டன் போயி, 1976ல இருந்து சான்ராக்க நடத்தினவர் அவர்தான். சாகோஸ்லயும் டர்பன் ஆட்கள் நிறைய, எம்.என். பாதர் செயலாளரா இருந்தார், பாஸ்போர்ட்ட பிடுங்கிட்டாங்க. நீச்சல் சங்கத்துல மார்கன் நாயுடுவுக்கு 1973ல அரசாங்கம் தடை உத்தரவே போட்டுச்சு. 1860ல இருந்து மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் ஏறி நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன ஜனங்களோட பேரப்பிள்ளைங்க காலத்துல இவ்வளவும் நடந்திருக்கு, நம்ம பாடப் புத்தகத்துல ஒரு வரி கூட நான் பாத்ததில்ல.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் பத்தியும் சொல்லணும். ஜூன்ல ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல கருப்பர் குடியிருப்பான சோவெட்டோவுல ஸ்கூல் பிள்ளைங்கள சுட்டுக் கொன்னாங்க, சில நாள்லயே நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுல டூர் ஆடப் போச்சு. நியூசிலாந்த ஒலிம்பிக்ல விடக்கூடாதுன்னு ஆப்பிரிக்க நாடுகள் கேட்டாங்க, ரக்பி எங்க விளையாட்டே இல்லன்னு கமிட்டி தட்டிக் கழிச்சுது, 20க்கும் மேல நாடுகள் வெளிய வந்துருச்சு. டான்சானியாவோட ஃபில்பர்ட் பாயி, 1500 மீட்டர்ல உலக சாதனை வச்சிருந்தவர், 1974ல கிறைஸ்ட்சர்ச்ல நியூசிலாந்தோட ஜான் வாக்கர ஒட்டி ஓடி ஜெயிச்சு வாங்கின சாதனை அது. மான்ட்ரியல்ல அவங்க ரெண்டு பேர் மறுபடி மோதுறதப் பாக்க உலகமே காத்திருந்துச்சு. பாயி ஓடல, வாக்கர் தங்கம் வாங்கினார். கென்யாவோட மைக் பாய்ட், உகாண்டாவோட அகி-புவா, இவங்களுக்கும் அந்த வருஷம் போச்சு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றது, ஓட்டக்காரனுக்கு உச்சத்துல இருக்கிற வயசு ரொம்ப கொஞ்சம்தான். ஆனா அடுத்த வருஷமே காமன்வெல்த் நாடுகள் க்ளெனீகிள்ஸ்ல கூடி, தென்னாப்பிரிக்காவோட விளையாட்டுத் தொடர்ப தடுக்கறதா ஒப்பந்தம் போட்டாங்க.

ரக்பிதான் வெள்ளை ஆப்ரிகானருக்கு உசிரு, அதனால அங்க அடிச்சாத்தான் வலிச்சுது. 1971ல ஆஸ்திரேலியாவுல 7 தேசிய ரக்பி வீரர்கள் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா ஆட மாட்டோம்னு வெளிப்படையா விலகினாங்க, ஜனங்க துரோகின்னு திட்டினாங்க. 1981ல தென்னாப்பிரிக்கா நியூசிலாந்து போனப்போ ஆல் பிளாக்ஸ்ங்கற நியூசிலாந்து ரக்பி அணியோட கேப்டன் கிரஹாம் மௌரியும் புரூஸ் ராபர்ட்சனும் விலகினாங்க. ரக்பிய சாமி மாதிரி கும்பிடுற நாட்டுல கேப்டனே வரலன்னா எப்படி இருக்கும்! ஜூலை 25 ஹாமில்டன் மேட்ச்ச தென்னாப்பிரிக்காவுல நேரலையா காட்ட ஏற்பாடு, விடிகாலைல எந்திரிச்சு டி.வி. முன்னாடி உக்காந்தவங்க பாத்தது மேட்ச்ச இல்ல, நடு மைதானத்துல கை கோத்து நின்ன சில நூறு போராட்டக்காரங்கள. மேட்ச் ரத்து. டி.வி.யே அந்த நாட்டுக்கு 1976லதான் வந்துச்சு, அரசாங்கம் சொல்றதுதான் செய்தி, உலகம் நம்மள எப்படிப் பாக்குதுன்னு அவங்க வீட்டுக் கூடத்துல நேரடியா வந்து விழுந்தது அன்னிக்குத்தான்.

எல்லாரும் நின்னாங்கன்னு சொன்னா பொய்யாயிடும். காசுக்குப் போனவங்களும் உண்டு. 1982ல கூச் தலைமைல இங்கிலாந்து வீரர்கள், அதே வருஷம் பந்துல வர்ணபுர தலைமைல ஒரு இலங்கை அணி. வர்ணபுர இலங்கையோட முதல் டெஸ்ட் கேப்டன், சில மாசம் முன்னாடிதான் அந்த நாடே முதல் டெஸ்ட் ஆடியிருந்துச்சு, போன எல்லாருக்கும் 25 வருஷத் தடை. 1983ல லாரன்ஸ் ரோ தலைமைல மேற்கிந்தியத் தீவு வீரர்கள் போனாங்க, அங்க அவங்களுக்கு 'கௌரவ வெள்ளையர்'னு ஒரு அந்தஸ்து. காலின் கிராஃப்ட் கேப்டவுன்ல ட்ரெயின்ல வெள்ளையர் பெட்டில உக்காந்துட்டார்னு எழுப்பி விட்டாங்க, அந்த அந்தஸ்தோட மதிப்பு அவ்வளவுதான். ஊர் திரும்பினவங்கள்ல சில பேர் வாழ்க்கை சிதறிப்போச்சு, ரிச்சர்ட் ஆஸ்டின் கிங்ஸ்டன் தெருவுல பிச்சை எடுக்கிற நிலைக்குப் போனார். பல பேருக்குத் தேசிய அணில இடமும் நிச்சயமில்ல, கைல காசும் இல்ல, அவங்கள மொத்தமா வில்லன்னு எழுத எனக்கு விருப்பமில்ல. ஆனா விவ் ரிச்சர்ட்ஸும் மைக்கேல் ஹோல்டிங்கும் பெரிய தொகைய வேணாம்னு சொன்னாங்கங்கறது அதே ஆண்டுகள்ல நடந்ததுதான்.

இப்ப உங்க முதல் கேள்விக்கு நேரா வர்றேன். நிறவெறிய விளையாட்டு மட்டும் வீழ்த்தல. சோவெட்டோ பிள்ளைங்க, தொழிற்சங்கங்க, ஜெயில்ல கிடந்தவங்க, 1985க்கு அப்புறம் கடன் கொடுக்க மறுத்த பேங்குங்க, இதெல்லாம்தான் முதுகெலும்ப உடைச்சுது. விளையாட்டுப் புறக்கணிப்பு செஞ்சது வேற வேலை: சட்டத்தால எந்தக் கஷ்டமும் படாத வெள்ளைக் குடும்பத்துக்கும் இந்த அமைப்புல ஒரு நஷ்டம் இருக்குன்னு உணர வச்சுது. அதுக்கு ஆதாரம் 1992 மார்ச் 17. சீர்திருத்தத்த தொடரலாமான்னு வெள்ளையர்களுக்கு மட்டும் வாக்கெடுப்பு. அதே நேரம் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியாவுல முதல் உலகக் கோப்பை ஆடிட்டிருக்கு, வேணாம்னு முடிவு வந்தா அணி திரும்ப வேண்டியதுதான்னு எல்லாருக்கும் தெரியும். 69 சதவீதம் பக்கம் வேணும்னு ஓட்டு விழுந்துச்சு. கிரிக்கெட்டுக்காகத்தான் அப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா 20 வருஷம் பட்டினி போட்ட விளையாட்டு அந்த ஓட்டுப் பெட்டி பக்கத்துல நின்னுச்சுன்னு தாராளமா சொல்லலாம்.

ரெண்டாவது கேள்வி, விளையாட்டுல அரசியலக் கலக்கலாமான்னு. பாப்வாவ மழைல நிறுத்தினது யாரு? டி'ஒலிவெராவ பாய் விரிச்சு ஆட வச்சது யாரு? அரசியல அங்க முதல்ல கொண்டு வந்து வச்சது அரசாங்கம்தான், வீரர்கள் அதுக்குப் பதில் சொன்னாங்க.

அதுக்கப்புறம் எல்லாம் சரியாச்சான்னா, இல்ல. 1991 நவம்பர்ல கிளைவ் ரைஸ் தலைமைல தென்னாப்பிரிக்கா திரும்ப வந்து முதல் மேட்ச் ஆடினது கல்கத்தா ஈடன் கார்டன்ஸ்ல, அந்த அணியில கருப்பினத்தவர் ஒருத்தரும் இல்ல. மக்காயா என்டினி 1998ல முதல் கருப்பின ஆப்பிரிக்கரா டெஸ்ட் ஆட வந்தார், 390 விக்கெட் எடுத்தார். டீம் பஸ்ல பக்கத்துல வந்து யாரும் உக்கார மாட்டாங்கங்கறதால பைய டிரைவர்கிட்ட கொடுத்துட்டு ஹோட்டல்ல இருந்து மைதானத்துக்கு ஓடியே போவேன்னு 2020லதான் வெளிய சொன்னார். அந்த வருஷம் வேகப்பந்து வீச்சாளர் லுங்கி என்கிடி நிறவெறிக்கு எதிரா அணி பேசணும்னு சொன்னதுக்கு முன்னாள் வெள்ளை வீரர்கள் சிலர் எதிர்ப்பு தெரிவிச்சதும், 30 கருப்பின முன்னாள் வீரர்கள் அவர் பக்கம் நின்னதும், 2021ல கிரிக்கெட் வாரியம் விசாரணை வச்சப்போ ஒவ்வொருத்தரா வந்து வாய் திறந்ததும் நடந்துச்சு. ஹோவா காலத்து வாரியத்தோட போட்டிகளுக்கு முதல்தர அந்தஸ்து பின்னாடி கொடுத்துட்டாங்க, பார்ன்ஸ் மாதிரி ஆளுங்க எடுத்த விக்கெட் இப்ப கணக்குல இருக்கு. அவங்க பேரத் தேடிப் படிங்க, ஸ்டார் வீரர்களப் பத்தி எப்படியும் யாராவது சொல்லிடுவாங்க.